1781ஆம் ஆண்டு வழக்கொண்டுக்காக நான் அலைஞ்ச கதை

பழைய கோர்ட் ரெக்கோர்ட்ஸ் தேடிக் கொழும்புக்கு வெளிக்கிடுற ஆராவது இருந்தா, ரிக்கெற் எடுக்க முதல் கலண்டரப் பாருங்கோ. நான் பாக்கேல்ல. திருமலையில (திருகோணமலை, அதான் எங்கட ஊர்) இராத்திரி ரயிலேறி, கல்லோயாவில நிண்டு நிண்டு, நித்திரையும் இல்லாம விடியக் கோட்டையில இறங்கி, ஒரு பிளேன்ரீ குடிச்சுப்போட்டு ரீட் அவெனியூவில தேசிய சுவடிகள் காப்பகத்து வாசலில போய் நிண்டா கேற் பூட்டு. போயா, பௌர்ணமி லீவு. காவலுக்கு நிண்ட ஐயா மேலயும் கீழயும் பாத்திட்டு "தம்பி எங்க இருந்து?" எண்டார். திருமலை எண்டு சொல்ல எனக்கே வெக்கமாக் கிடந்தது. பிறகென்ன, வெள்ளவத்தையில அக்கா வீட்ட போய்ப் படுத்ததுதான்.

அடுத்த நாள் போனன். உள்ள இருந்த ஒரு மிஸ் ரெண்டு நிமிசத்தில என்ர மூண்டு மாசத் திட்டத்தை முடிச்சு விட்டா, அதுவும் நல்ல மனசோட. நான் தேடினது யுத்தத்தில பிடிபட்ட கப்பல்களின்ர வழக்குகள். ஒல்லாந்தருக்கும் (டச்சுக்காரர்) இங்கிலீஷ்காரருக்கும் 1780இல இருந்து 1784 வரைக்கும் சண்டை, அதுக்குள்ள எங்கட ஊரை 1782 ஜனவரியில இங்கிலீஷ்காரன் பிடிச்சான், அந்த ஓகஸ்ட் கடைசியிலயே பிரெஞ்சுக்காரன் பறிச்சான், இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அந்த நேரம் கடலில பிடிபட்ட கப்பல் சட்டப்படி கொள்ளைப் பொருளா இல்லையா எண்டு தீர்மானிச்சது லண்டன் அட்மிரல்டி கோர்ட், அதாவது கடல் வழக்குகளுக்குரிய கோர்ட், அந்தக் கட்டுகள் லண்டனில கியூ எண்ட இடத்தில இருக்கிற இங்கிலாந்தின்ர தேசிய சுவடிகள் காப்பகத்தில கிடக்கு. கொழும்பில கிடக்கிறது ஒல்லாந்தர் இஞ்ச ஆண்ட கால நிர்வாகப் பதிவுகளும் அவையின்ர நீதி மன்றப் பதிவுகளும், ஏழாயிரத்துக்கு மேல கட்டு, முழுக்க பழைய டச்சுக் கையெழுத்து. மிஸ் ஒரு பக்கத்தக் காட்டி "வாசிப்பீங்களா?" எண்டு கேட்டா. எனக்கு அதில வாசிக்கத் தெரிஞ்சது ஆண்டு மட்டும்தான்.

கொழும்பு வெளிக்கிட முதல் நடந்த கூத்தையும் சொல்லோணும். கையில ஒரு சிபாரிசுக் கடிதம் இருந்தா நல்லதெண்டு படிப்பிச்ச சேர் சொன்னவர். அதுக்காக எங்கட ஊரில ஒரு அலுவலகம் (எதெண்டு கேக்காதேங்கோ) மூண்டு தரம் போனனான். முதல் தரம் பெரியவர் லீவு. ரெண்டாந்தரம் கிளாக்கர் கேக்கிறார், "என்ன வழக்கு தம்பி, காணியோ?" இல்லை ஐயா, கப்பல் வழக்கு. "ஆற்ற கப்பல்?" ஒல்லாந்தற்ற. "எந்தக் கோர்ட்டில நடக்குது?" அது முடிஞ்சு 240 வருசம் ஐயா எண்டன். மனுசன் கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சுப்போட்டு என்னையே பாத்துக்கொண்டிருந்தார். மூண்டாந்தரம் கடிதம் ரெடி, றப்பர் ஸ்டாம்ப் எல்லாம் குத்தி, "காணி வழக்கு சம்பந்தமாக" எண்டு அடிச்சுக் கிடந்தது. அதைத்தான் கொண்டுபோனனான், நல்ல காலம் அங்க ஒருத்தரும் கேக்கேல்ல.

சரி, லண்டன். சித்தியின்ர மகள் ஈஸ்ட் ஹாமில இருக்கிறா, அங்க இருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் நேர கியூ கார்டன்ஸ் போகும், மாறி ஏறத் தேவையில்லை. கெஞ்சி மண்டாடி ஒரு சனிக்கிழமை அனுப்பினன். றீடர்ஸ் ரிக்கெற் (கட்டுகளை எடுத்து வாசிக்கிற அனுமதி அட்டை) எடுக்க பேருக்கு ஒரு அத்தாட்சி, விலாசத்துக்கு ஒரு அத்தாட்சி, ரெண்டும் ஒரிஜினல் வேணும். பிள்ளை விலாசத்துக்குரியதை வீட்ட மேசையில விட்டிட்டுப் போயிட்டுது. ஒரு சனிக்கிழமை அநியாயம். ஞாயிறும் திங்களும் அங்க பூட்டு, அவவுக்கு வேலை இல்லாத நாள் சனி மட்டும், அதால பிறகு ஒரு மாசம் காத்திருக்க வேண்டியதாப் போச்சு.

அந்த ஒரு மாசமும் வீணில்லை, ஏனெண்டா அப்பதான் பேர்ப் பிரச்சினை பிடிபட்டது. எச்.சி.ஏ. 32 எண்டது கியூவில அந்தக் கப்பல் வழக்குக் கட்டுகளுக்குக் குடுத்த இலக்கம், அந்தத் தொடரைத் தேடுறது பெரும்பாலும் கப்பல் பேரிலதான். ஆனா அந்தப் பேரை எழுதினவர் ஒரு இங்கிலீஷ் எழுதுவினைஞர், டச்சுப் பேரைக் காதால கேட்டு எழுதியிருப்பார். உதாரணத்துக்கு 1781 ஜூலையில தென்னாபிரிக்காவில கேப் பக்கம் இங்கிலீஷ்காரன் பிடிச்ச ஹெல்ட் வோல்டமாட எண்ட கப்பல், இலங்கைக்கு வெள்ளியும் சாமானும் ஏத்திக்கொண்டு வந்தது. (பேருக்குரியவர் 1773இல குதிரையோட கடலுக்க இறங்கி 14 பேரைக் காப்பாத்தின ஆள், அவற்ற பேரை வச்ச கப்பல் இப்பிடிப் போனது கவலைதான்.) அந்தப் பேரை ஒரு இடத்தில சேத்து எழுதியிருக்கும், ஒரு இடத்தில பிரிச்சு எழுதியிருக்கும், நீங்க சேத்து மட்டும் தேடினா ஒண்டுமே வராது. ஊர்ப் பேரும் இதே கதைதான். இங்கிலீஷில திரிங்கோமலே, திரிங்கோமலி, பிரெஞ்சில திரிங்கமலே, டச்சில திரிங்கொனொமாலே. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனிப் பதிவுகளில லட்சக்கணக்கான பக்கங்களை இப்ப கம்ப்யூட்டர் வாசிச்சு தேடுற மாதிரி குளோபலைஸ் எண்ட திட்டத்தில போட்டிருக்கினம், இலவசம்தான், ஆனா அங்கயும் எங்கட ஊரை இப்பத்தைய எழுத்தில தேடினா கையை விரிக்கும். நான் ஒரு கொப்பியில பதினொரு விதமா எழுதி வச்சிருக்கிறன். இன்னுமொண்டு, 1752க்கு முந்தின கட்டெண்டா இங்கிலாந்துத் திகதியும் ஒல்லாந்துத் திகதியும் பத்துப் பதினொரு நாள் இடிக்கும், அதோட இங்கிலாந்தில வருசமே மார்ச் 25இலதான் தொடங்கும். 1733க்கு முந்தினதெண்டா கனக்க லத்தீன். என்னைப் போல ஆக்கள் 1780களில நிக்கிறது நல்லம்.

ரெண்டாந்தரம் தங்கச்சி உள்ள போயிட்டா. பேனை கொண்டுபோக விடமாட்டினம், பென்சில்தான். போனில படம் எடுக்கலாம், காசில்லை. 340 படம் எடுத்து எனக்கு வாட்சப்பில அனுப்பினா. இராத்திரி பத்து மணிக்கு டிங் டிங் எண்டு வந்துகொண்டே இருந்தது, எனக்கு கோணேசர் கோயில் தேர் பாத்த சந்தோசம். திறந்து பெரிசாக்கினா எல்லாம் மண்ணிறப் புகார். வாட்சப் படத்தைச் சுருக்கிப்போடும் எண்டது எனக்குத் தெரியும், அவவுக்குச் சொல்லத்தான் மறந்திட்டன். டொக்கியூமெண்டா அனுப்பச் சொல்லுங்கோ, இல்லாட்டி டிரைவில போடச் சொல்லுங்கோ. அதை விடப் பெரிய பிழை, கட்டின்ர மேல் மட்டையில இருக்கிற இலக்கத்தை அவ எடுக்கேல்ல. எந்தப் படம் எந்தக் கட்டு எண்டு ரெண்டு பேரும் போனில ஒரு மணித்தியாலம் சண்டை. கட்டு மாறுற நேரமெல்லாம் முதல்ல மட்டையை ஒரு படம் எடுக்கச் சொல்லிக் குடுத்து அனுப்புங்கோ, பின் பக்கத்தையும்.

வாசிக்கத் தொடங்கினா அதில இன்னுமொரு பொறி. மாலுமிகளை விசாரிச்ச தாள்களில "முதலாவது கேள்விக்கு இவர் சொல்வது", "இரண்டாவது கேள்விக்கு" எண்டு பதில் மட்டும்தான் கிடக்கும், கேள்வி இருக்காது. "ஆம்." "தெரியாது." "கேள்விப்பட்டதில்லை." நாலு நாள் மண்டையப் போட்டு உடைச்சன். பிறகுதான் விளங்கினது, எல்லாக் கப்பலுக்கும் ஒரே கேள்விப் பட்டியல், முப்பதுக்கு மேல கேள்வி, அது தனியா அச்சடிச்சுக் கிடக்கும். எங்க பிறந்தனி, எங்க குடியிருக்கிறாய், கப்பல் ஆருடையது, சரக்கு ஆருடையது, பிடிபட்ட நேரம் என்ன கொடி, கடதாசி ஏதும் கடலில எறிஞ்சதோ. அதைப் பக்கத்தில வச்சுக்கொண்டு வாசிச்சா "தெரியாது" எண்ட சொல்லே கதை சொல்லும். சரக்கு ஆருடையது எண்ட கேள்விக்கு ஒருத்தன் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு, கையெழுத்துக்குப் பதிலா ஒரு புள்ளடி போட்டிருக்கிறான், மை கொஞ்சம் ஊறிப் பரவியிருக்கு.

அவன் உண்மை சொன்னானோ எண்டு எனக்குச் சந்தேகம்தான். அந்தச் சண்டையில தரங்கம்பாடிக் கொடிக்கு நல்ல மவுசு, தரங்கம்பாடி அப்ப டென்மார்க்காரற்ற கையில, டென்மார்க் நடுநிலை எண்டபடியா மற்றவையின்ர சரக்கும் அந்தக் கொடிக்குக் கீழ ஓடினது. கோர்ட்டில வாய் திறந்தா சரக்குப் போகும். கம்பனிக் கணக்குப் புத்தகத்தில அரிசி இத்தினை மூட்டை, துணி இத்தினை கட்டு எண்டுதான் இருக்கும், இப்பிடிப் பயந்து முழிக்கிற மனுசன் அதில வரமாட்டான். அதுக்காகத்தான் இவ்வளவு அலைச்சல். கப்பலின்ர பேரை இப்ப சொல்லேல்ல, எழுதி முடிக்கட்டும்.

காசு, நேரம் ரெண்டும் இல்லாத ஆக்கள் ஒல்டன்பேர்க் பல்கலைக்கழகம் கியூவோட சேந்து செய்யிற பிரைஸ் பேப்பர்ஸ் (பிடிபட்ட கப்பல்களின்ர கடதாசிகள்) இணைய வாசலை முதல்ல பாருங்கோ. 1652இல இருந்து 1815 வரைக்கும் முப்பத்தையாயிரத்துக்கு மேல கப்பல், எல்லாம் இன்னும் ஏத்தி முடியேல்ல, ஆனா உங்கட கப்பல் அதில இருந்தா ஒரு தங்கச்சியின்ர சனிக்கிழமை மிச்சம்.

போன கிழமை மீன் மாக்கெட்டில அந்தக் கிளாக்கர் ஐயாவைக் கண்டனான். பாரைக்கு விலை பேசிக்கொண்டு நிண்டவர் திரும்பி, "தம்பி, அந்தக் காணி வழக்கு முடிஞ்சுதோ?"

தவணை போட்டிருக்கு ஐயா எண்டன்.