பழைய வரைபடம், தனுஷ்கோடி, நடுவில் ஒரு ஆட்டோக்காரர்

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஆட்டோக்காரரைப் பற்றி முதலில் கொட்டிவிடுகிறேன், எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ராமேஸ்வரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பிடித்துக்கொண்டு, தனுஷ்கோடி போய்வர ஆயிரத்து ஐநூறு என்றார். "கவர்மென்ட் பஸ் போகுதேண்ணே" என்றதற்கு, "அது முனை வரைக்கும் போகாது தம்பி" என்று கூசாமல் ஒரு பொய். போகிறது, நிலம் முடிகிற அரிச்சல்முனை வரைக்கும் போகிறது. அவர் கேட்ட காசில் ஒரு குடும்பமே பஸ்ஸில் போய்வந்து மீனும் சாப்பிட்டுவிடலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில், அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950களில் போட்ட இந்திய வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. யு502 வரிசை, அளவு 1:2,50,000. இறக்கி, பாம்பன் பக்கம் பெரிதாக்கிப் பார்த்தபோது ஆடிப்போய்விட்டேன். இன்று ராமேஸ்வரத்தில் முடிகிற ரயில்பாதை அதில் பாம்பனிலேயே இரண்டாகப் பிரிகிறது. மெயின் லைன் தனுஷ்கோடிக்கு. ராமேஸ்வரத்துக்குப் போவது வெறும் கிளை!

1914-ல் பாம்பன் பாலம் திறந்ததே இலங்கைப் போக்குவரத்தை மனதில் வைத்துத்தான். எழும்பூரிலேயே கொழும்புக்கு டிக்கெட் எடுத்து, போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி வந்து, கப்பல் ஏறி, இலங்கைக் கரையில் தலைமன்னாரில் இறங்கி மறுபடி ரயில் பிடிப்பார்கள். சுங்க அலுவலகம், தபால் தந்தி, ரயில்வே ஆஸ்பத்திரி எல்லாம் இருந்த ஊர் இது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலே கடலோடு போனது. அப்படிப்பட்ட ஊரைப் போய் 'பேய் நகரம்' என்று தலைப்புப் போட்டு வீடியோ எடுக்கிறவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

2017-ல் திறந்த தார்ச்சாலை முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர். வரைபடத்தில் அது நாலு சென்டிமீட்டர்கூட வராது. அதில் அரை மில்லிமீட்டர் கோடு என்றால் தரையில் நூற்றிருபத்தைந்து மீட்டர், அதனால் 'கரை இவ்வளவு தேய்ந்துவிட்டது' என்றெல்லாம் இதை வைத்து அளந்துவிட முடியாது. பழைய ரயில்பாதை எந்தப் பக்கம் வளைந்தது என்று தெரிந்துகொண்டு நடக்கலாம், அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் மிச்சத்தை எல்லோரும் செல்ஃபிக்குப் பின்னணியாக வைத்துக்கொள்கிறார்கள். நீராவி எஞ்சின் தண்ணீர் பிடித்த இடம் என்று நினைத்துப் பார்த்தால் அந்த மணல்வெளியே வேறு மாதிரி தெரிகிறது. மாதா கோவில் சுவரைத் தொட்டுப் பாருங்கள், அது செங்கல் இல்லை, பவளக்கல். சில கற்களில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழி அப்படியே இருக்கிறது. தயவுசெய்து அதில் பேர் கிறுக்காதீர்கள்.

சாப்பாடு! பனையோலைக் கொட்டகை ஒன்றில் அக்கா பொரித்துக் கொடுத்த மீன், வெறும் மிளகாய்த்தூளும் உப்பும்தான், ராமேஸ்வரத்து ஓட்டல் எதிலும் இப்படிக் கிடைக்கவில்லை. விலையை முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள், தட்டுக்கு வந்தபிறகு ஏறும். குடிக்கத் தண்ணீர் கொட்டகைக்குப் பின்னால் மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் கையளவு ஆழத்தில் நல்ல தண்ணீர், உப்புக் கரிக்கவே இல்லை.

ஆங், செலவு, நேரம்: காலையிலேயே போங்கள், வெயில் கொல்லும். இருட்டுவதற்குள் போலீஸ் எல்லோரையும் கிளப்பிவிடும். கையில் சில்லறை வேண்டும்.

அந்தப் பழைய பயணத்தின் அடுத்த முனை தலைமன்னார். அங்கே துறை வரைக்கும் ரயில் 2015-லேயே திரும்ப வந்துவிட்டது, நமக்குத்தான் ராமேஸ்வரத்தோடு சரி. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்கள், அதில் போய்ச் சுற்றிக்கொண்டு தலைமன்னாரைப் பார்க்க ஆசைதான். டிக்கெட் விலையைப் பார்த்ததும் அடுத்த போனஸ் வரட்டும் என்று வைத்திருக்கிறேன்.