மூளைக் கட்டிக்குள் கால்சியம்: ஒரு டிஸ்க்குக்காக அலைந்த கதை

அம்மாவுக்கு வலிப்பு வந்தது, எம்.ஆர்.ஐ. எடுத்தது, மூளையைச் சுற்றியுள்ள உறையில் வரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி என்று தெரிந்தது எல்லாம் மளமளவென்று நடந்துவிட்டது. இழுத்தடித்தது ரிப்போர்ட்டின் கடைசி வரிதான். கட்டிக்குள் இருப்பது ரத்தக்கசிவாகவோ கால்சியமாகவோ இருக்கலாம் என்று போட்டிருந்தார்கள். எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற வகைப் படத்தில் இரண்டுமே கறுப்பாகத் தெரியுமாம். பிரித்துச் சொல்ல அதோடு சேர்ந்த ஃபேஸ் (phase) படங்கள் வேண்டும் என்றார் நியூரோ சர்ஜன். எங்கள் கையில் இருந்ததோ ஃபிலிம் மட்டும்; ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க் இல்லை.

ஸ்கேன் சென்டர் கவுன்டரில், "அதான் ரிப்போர்ட் கொடுத்தாச்சே சார், அப்புறம் டிஸ்க் எதுக்கு?" என்றார்கள். சண்டை போட்டு வாங்கிவந்து மருத்துவமனையில் போட்டால், உள்ளே வெறும் ஜேபிஜி படங்கள். மறுபடி போனால் டெக்னீஷியன் லீவு. நீங்கள் வாங்கும்போது "டைகாம் ஃபைல், எல்லா சீரிஸும்" என்று, அதாவது ஸ்கேனின் மூல வடிவப் படங்கள் எல்லாத் தொகுப்பும் வேண்டும் என்று, அழுத்திக் கேளுங்கள். அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கடைசியில் டாக்டரே அலுத்துப்போய், கான்ட்ராஸ்ட் இல்லாத சி.டி. ஸ்கேன் எழுதினார். ஊசி கிடையாது, சில நிமிட வேலை. கட்டிக்குள் வெள்ளை வெளேரென்று இருந்த இடத்தில் மவுஸை வைத்து எண்ணைக் காட்டினார். சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு ஹவுன்ஸ்ஃபீல்டு; புது ரத்தம் 100ஐத் தாண்டுவது அரிது. இது 300க்கு மேல். கால்சியமேதான். இதை முதலிலேயே எடுத்திருக்கலாம்!

அதற்குள் சொந்தக்காரர்கள் புகுந்து அம்மாவின் ராகிக் கூழையும் பாலையும் நிறுத்தியிருந்தார்கள். மூட்டுவலிக்குப் போட்ட கால்சியம் மாத்திரையும் காணாமல் போயிருந்தது. டாக்டர் சிரித்துவிட்டார். அம்மாவின் ரத்தத்தில் கால்சியம் சரியான அளவில்தான் இருந்தது. மெதுவாக வளரும் கட்டிக்குள் சுழல் சுழலாக அடுக்கியிருக்கும் செல்களில் நடுவே இருப்பவை செத்துப்போகும். அந்த மிச்சத்தின்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகச் சின்ன உருண்டைகள் ஆகிவிடும். சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மெனிஞ்சியோமாக்களில் நாலைந்தில் ஒன்றில் சி.டி.யில் இப்படித் தெரியுமாம். பெரும்பாலும் நிதானமாக வளரும் ரகம் என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆலிகோடெண்ட்ரோகிளியோமா என்ற வேறொரு மூளைக் கட்டியிலும், குழந்தைகளுக்கு வரும் கிரேனியோஃபரிஞ்சியோமா என்ற கட்டியிலும் கால்சியம் இன்னும் சகஜம். ஆனால் அது படியும் விதம் வேறு என்றார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பயாப்சி ரிப்போர்ட்தான் வரவே இல்லை. இன்ஷூரன்ஸ்காரர்களோ அது இல்லாமல் கிளெய்மை நகர்த்தவில்லை. லேபில் நேரில் போய் நின்றபிறகுதான் காரணம் சொன்னார்கள்: கட்டி கல் மாதிரி இருந்ததால், கால்சியத்தை ஆசிடில் கரைத்த பிறகுதான் (டீகால்சிஃபிகேஷன்) மைக்ராஸ்கோப்பில் பார்க்க மெல்லிசாகச் சீவ முடியுமாம். இதை ஒரு போனில் சொல்லியிருக்கலாமே! "டீகால்சிஃபிகேஷன் நடக்கிறது, ரிப்போர்ட் தாமதமாகும்" என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி அனுப்பினேன். மறுநாளே ஃபைல் நகர்ந்தது. கிரேடு 1, அதாவது நிதானமாக வளரும் ரகம் என்று ரிப்போர்ட் வந்தது.

இன்னொன்று: மரபணுப் பரிசோதனை தேவைப்படும் கட்டி என்றால், கரைப்பதற்கு முன்பே கொஞ்சம் திசுவைத் தனியே எடுத்து வைக்க முடியுமா என்று சர்ஜனிடம் கேட்டுவிடுங்கள். கரைக்கும் ஆசிட் டி.என்.ஏ.வைக் கெடுத்துவிடும்.