ட்ரிக்கர் பின்னில் உண்மையில் எத்தனை வோல்ட்?

மூன்று நாள் ஓடிவிட்டது இந்த ஒரு ஒயரோடு. எவாலுவேஷன் போர்டின் (ஒரு சிப்பைச் சோதித்துப் பார்க்கும் போர்டு) ட்ரிக்கர் பின், அதாவது வேலையைத் தொடங்கச் சொல்லும் சிக்னல் வரும் பின், 1.8 வோல்ட், சென்சார் தருவதோ 5 வோல்ட் பல்ஸ். நேராகக் கொடுத்தால் பின் போய்விடும், அதனால் மேலே 180 கிலோ ஓம், கீழே 100 கிலோ ஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைத்தேன். 5 வோல்ட்டை நிலையாகக் கொடுத்துப் பார்த்தால் மல்டிமீட்டர் 1.79 காட்டுகிறது. கணக்கு சரி. ஆனால் ட்ரிக்கர் மட்டும் வரவில்லை.

வோல்டேஜ் ஏறி இறங்குவதை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பை நேராகப் பின்னிலேயே வைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. சதுரமாக ஏறி இறங்க வேண்டிய பல்ஸ் சுறாத் துடுப்பு மாதிரி மெல்ல ஏறி, அரை வோல்ட்டுக்குப் பக்கத்தில் போனதும் கீழே விழுகிறது. என் பல்ஸின் அகலம் 500 நானோவினாடி. அந்த இரண்டு ரெசிஸ்டரும் சேர்ந்து பின்னுக்குச் சுமார் 64 கிலோ ஓமாகத் தெரியும், பின்னும் போர்டின் தடமும் சேர்த்து 15 பிகோஃபாரட் என்று வைத்தால் டைம் கான்ஸ்டன்ட் (வோல்டேஜ் முழு அளவில் சுமார் 63 சதவீதம் ஏற ஆகும் நேரம்) கிட்டத்தட்ட 1 மைக்ரோவினாடி, அதாவது பல்ஸ் முடியும்போது பின் 0.72 வோல்ட்டைத்தான் எட்டியிருக்கும். ஸ்கோப்பின் ப்ரோப் வைத்தால் அதன் பத்துச் சொச்சம் பிகோஃபாரட்டும் சேர்ந்து இன்னும் கீழே இழுக்கிறது. 1.8 வோல்ட் சீமாஸ் (இன்றைய சிப்களின் வழக்கமான வகை) இன்புட் 'ஹை' என்று ஒத்துக்கொள்ள வழக்கமாக 1.17 வோல்ட் வேண்டும், அதாவது சப்ளையில் 65 சதவீதம். 'லோ' என்றால் 35 சதவீதம், 0.63-க்குக் கீழே. நடுவில் இருந்தால் எதற்கும் உத்தரவாதம் கிடையாது.

1.8 கிலோ ஓம், 1 கிலோ ஓம் என்று மாற்றினேன். விகிதம் அதேதான், டைம் கான்ஸ்டன்ட் 10 நானோவினாடிக்கு இறங்கியது, முதல் பல்ஸிலேயே ட்ரிக்கர் வந்தது. சென்சார் 1.8 மில்லிஆம்ப் தர வேண்டியிருக்கும், பெரும்பாலான லாஜிக் அவுட்புட்டுக்கு அது பெரிய சுமை இல்லை. சென்சார் ஓபன் கலெக்டர் வகை (தானாக வோல்டேஜ் தராமல் ஒயரைக் கீழே மட்டும் இழுப்பது) என்றால் இந்தப் பாடே வேண்டாம், ஒயரை மேலே இழுக்கும் புல்-அப் ரெசிஸ்டரைப் போர்டின் 1.8 வோல்ட்டுக்கே கட்டிவிட்டால் போதும்.

அப்புறம், சென்சாருக்குப் பதிலாக ஃபங்ஷன் ஜெனரேட்டர் வைத்துச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அதில் லோடு 50 ஓம் என்று செட் ஆகியிருந்து, உங்கள் பின் ஹை இம்பிடன்ஸாக (கரண்ட்டே கிட்டத்தட்ட எடுக்காததாக) இருந்தால், திரையில் காட்டுவதைப் போல இரண்டு மடங்கு வோல்டேஜ் வெளியே வரும். 1.8 வோல்ட் பீக்-டு-பீக், 0.9 ஆஃப்செட் என்று பத்திரமாகத்தான் வைத்திருப்பீர்கள், பின்னில் 3.6 வோல்ட் நிற்கும். ஆஃப்செட் வைக்க மறந்தால் பாதி அலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும், அதுவும் பின்னுக்கு ஆகாது. பல சிப்களில் சப்ளைக்கு மேலே 0.3 வோல்ட்டிலேயே எல்லை முடிந்துவிடும்.

போர்டில் உள்ள ஜம்பரை நகர்த்தி, அந்தப் பின் இருக்கும் பேங்கையே (ஒரே சப்ளையில் ஓடும் பின்களின் கூட்டம்) 3.3 வோல்ட்டுக்கு மாற்றலாமே என்று கேட்கலாம். மாற்றலாம், ஆனால் ஸ்கீமேட்டிக்கைத் திறந்து அதே பேங்கில் வேறு என்னென்ன பின்கள் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். அங்கே 1.8 வோல்ட் மெமரியோ கேமராவோ இருந்தால் ஜம்பரை நகர்த்திய நொடியில் அதற்கும் 3.3 போய்விடும்.

இப்போது ரெசிஸ்டர்களைக் கழற்றிவிட்டு 74எல்விசி1ஜி17 என்ற சின்ன ஷ்மிட் ட்ரிக்கர் பஃபரை வைத்திருக்கிறேன் (ஏறும்போது ஒரு எல்லை, இறங்கும்போது வேறு எல்லை என்று வைத்து, நடுங்கும் சிக்னலைச் சுத்தமாக்கும் சிப்). போர்டின் 1.8 வோல்ட்டிலேயே ஓடும், இன்புட்டில் 5 வோல்ட் வந்தாலும் தாங்கும், நீள ஒயரில் வரும் நடுக்கத்துக்கு ஒரே பல்ஸை இரண்டாக எண்ணுவதும் நின்றுவிட்டது. போர்டு ஆஃபில் இருக்கும்போது சென்சார் பல்ஸ் உள்ளே புகுந்து பவர் எல்இடி மங்கலாக எரிந்துகொண்டிருந்தது, அதுவும் இப்போது இல்லை.