கடகம் கொட்டப்பெட்டியான கதை

கடைக்காரர்கள் கடன் கொப்பியில் எழுதும் கணக்கை போனிலேயே எழுதி வைக்க, நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு திறமூலச் செயலி (அதன் நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம்) செய்தோம். பெயர் கடகம். சின்னமும் பனையோலையில் இழைக்கும் கூடையான அந்தக் கடகம்தான். அம்மம்மா வீட்டுக் கடகத்தைப் பக்கத்தில் வைத்து, விளிம்பில் கட்டிய நார் வரை பார்த்துப் பார்த்து வரைந்தது.

இரண்டு வருடம் கழித்து, அதே உச்சரிப்பில் ஒரு நிறுவனம் மென்பொருளுக்கு வியாபாரக் குறி பதிந்திருப்பதாகக் கொழும்பு நண்பர் ஒருவர் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் ஊர்ச்சொல்லுக்கு யாரோ எப்படி உரிமை கேட்கலாம்?

யாழ்ப்பாணத்தில் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் போனோம். அவர் சொன்னது இன்றும் நினைவில் நிற்கிறது. கடகம் விற்பவர் ‘கடகம்’ என்ற சொல்லைத் தனக்கென்று பதிய முடியாது, அது பொருளின் பெயர். மென்பொருளுக்கு அந்தச் சொல் சம்பந்தமில்லாதது, அதனால் அங்கே அது குறியாகலாம். பொருள்களையும் சேவைகளையும் வகை பிரித்துப் பதியும் வகுப்புகள் 45 இருக்கின்றன. அவர்களுடையது மென்பொருள் வரும் 9ஆம் வகுப்பு, நம்முடையதும் அங்கேதான் வரும். எழுத்து வேறாக இருந்தாலும் காதில் ஒன்றுபோல் விழுந்தால் சிக்கல். இலவசமாகக் கொடுக்கிறோம் என்பதற்காகத் தப்பிவிட முடியாது. திறமூல உரிமம் நிரலுக்குத்தான், பெயருக்கு அல்ல.

பயர்பாக்ஸ் இணைய உலாவியும் இப்படித்தான் பெயர்ச் சிக்கலால் பெயர் மாறியது. பீனிக்ஸ் என்று தொடங்கி, 2003இல் பயர்பேர்ட் ஆகி, 2004இல்தான் இன்றைய பெயருக்கு வந்தது. அதைப் படித்தபின் மனம் கொஞ்சம் ஆறியது.

ஆனாலும் மூன்று வாரம் இழுபட்டோம். வாதாடினால் வெல்லலாம் என்றான் ஒருவன். வெல்லலாம்தான், ஆனால் வழக்குக்குக் காசும் காலமும் எங்களிடம் இல்லை. சுன்னாகத்துக் கடைக்கார ஐயா கேட்டதுதான் என்னை உலுக்கியது: “தம்பி, பேர் மாறினா என்ர கணக்கெல்லாம் போயிடுமே?” போகாது. பிளே ஸ்டோரில் வெளியே தெரியும் பெயரை மாற்றலாம். செயலியை போன் அடையாளம் காண உள்ளே இருக்கும் தொகுப்புப் பெயரை மாற்ற முடியாது. அது பழையபடியே இருந்ததால் அவருடைய போனில் எதுவும் அழியவில்லை. அவர் கடையிலேயே நின்று புதுப்பித்து, பாக்கி வரிகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

புதுப் பெயர் கொட்டப்பெட்டி. வெற்றிலையும் சில்லறையும் வைக்க அம்மம்மா இடுப்பில் செருகும் அதே ஓலைப்பெட்டி. இந்த முறை சின்னம் வரையும் முன்பே பதிவுகளைத் தேடிப் பார்த்தோம். கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் 9ஆம் வகுப்புக்கு விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. கடைகளில் ஒட்டும் ஸ்டிக்கர் மட்டும் இன்னும் அடிக்கவில்லை.