சமரசத்தின் விலை: நவம்பர் 2025 நாட்குறிப்பு

5 நவம்பர் 2025, புதன்

அமெரிக்க அரசு முடங்கி இன்றோடு 36 நாள் ஆகிறது. டிரம்பின் முதல் ஆட்சிக்காலத்தில், 2018ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கி 35 நாள் நீடித்த முடக்கத்தை இது தாண்டிவிட்டது. ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்குப் பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டித் தரப்பட்ட மானியம் டிசம்பரோடு முடிகிறது. அதை நீட்டிக்க ஒப்புக்கொண்டால்தான் செலவு மசோதாவுக்கு வாக்களிப்போம் என்று ஜனநாயகக் கட்சியினர் நிற்கிறார்கள். முதலில் அரசைத் திறப்போம், மற்றதைப் பிறகு பேசிக்கொள்வோம் என்று குடியரசுக் கட்சியினர் நிற்கிறார்கள். உணவு உதவி பெறும் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இந்த மாத உதவி எப்போது வரும் என்று தெரியாமல் இருக்கிறார்கள்.

நேற்றைய தேர்தல் முடிவுகளை வைத்து ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லலாம். விர்ஜீனியாவில் அபிகெய்ல் ஸ்பான்பெர்கரும் நியூ ஜெர்ஸியில் மிக்கி ஷெரிலும் ஆளுநர் பதவியை வென்றிருக்கிறார்கள், முன்னவர் சி.ஐ.ஏ.வில் பணியாற்றியவர், பின்னவர் கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர், இருவருமே ஜனநாயகக் கட்சியின் மிதவாத அணியினர். அதே இரவில் நியூயார்க் மாநகரம், தன்னை ஜனநாயக சோஷலிஸ்ட் என்று அறிவித்துக்கொண்ட ஸோஹ்ரான் மம்தானியை மேயராகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. கட்சி நடுவுக்குத் திரும்புகிறது என்பவருக்கும் இடதுபக்கம் ஓடுகிறது என்பவருக்கும் வேண்டிய சான்று கிடைத்துவிட்டது.

எனக்கு இவற்றைவிடக் கலிபோர்னியாவின் முடிவுதான் பெரிதாகப் படுகிறது. தொகுதி எல்லைகளை அரசியல்வாதிகள் கையிலிருந்து பிடுங்கித் தனி ஆணையத்திடம் ஒப்படைத்த மாநிலம் அது. அந்த ஆணையம் வரைந்த நாடாளுமன்றத் தொகுதி வரைபடத்தை 2030 வரை ஒதுக்கிவைத்துவிட்டு, ஜனநாயகக் கட்சிக்கு ஐந்து இடங்கள் வரை கூடுதலாகக் கிடைக்கும்படி வரையப்பட்ட புதிய வரைபடத்தை மக்களே வாக்களித்து ஏற்றிருக்கிறார்கள். கேட்டால், கோடையில் டெக்சாஸ் குடியரசுக் கட்சிக்கு அதேபோல் ஐந்து இடங்கள் கிடைக்கும்படி தன் வரைபடத்தை மாற்றியது அல்லவா என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் இரண்டு மாநிலமும் சேர்ந்து அழித்தது, எந்தக் கட்சி வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத தொகுதிகளைத்தான். மற்றக் கட்சியின் வாக்காளரிடமும் போய் நின்றாக வேண்டிய கட்டாயம் அந்தத் தொகுதிகளின் உறுப்பினர்களுக்கு மட்டுமே இருந்தது.

8 நவம்பர், சனி

‘அந்தக் காலத்தில் இரு கட்சியினரும் உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள்’ என்ற ஏக்கத்தை இந்த வாரம் பல கட்டுரைகளில் படித்துவிட்டேன். அந்தக் காலத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதால், இன ஒதுக்கலைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தைப் பற்றிய குறிப்புகளை எடுத்துவைத்துப் படித்தேன்.

தென்மாநிலச் செனட்டர்கள் பேசிப் பேசியே அந்த மசோதாவை இழுத்தடித்தார்கள். அவர்கள் எல்லாரும் எதிர்க்கட்சிக்காரர்கள் அல்லர். பெரும்பாலோர் ஜனாதிபதி ஜான்சனின் சொந்தக் கட்சியினர். ராபர்ட் பேர்ட் மட்டும் 14 மணி நேரத்துக்கு மேல் பேசினார். விவாதத்தை முடித்துவைக்க அன்று மூன்றில் இரு பங்கு வாக்கு, அதாவது 67 வேண்டும். ஜான்சனின் கட்சிக்குள்ளேயே அது கிடைக்காது என்பதால், குடியரசுக் கட்சியின் செனட் தலைவர் எவரெட் டர்க்சனிடம் போய், அவர் கேட்ட திருத்தங்களுக்கு இடம்கொடுத்து, அவர் வழியாக வாக்குகளைச் சேர்த்தார்கள். ஜூன் 10ஆம் தேதி வாக்கெடுப்பு. மூளையில் கட்டிக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டு பேச்சிழந்திருந்த கலிபோர்னியாவின் கிளேர் எங்கிள் சக்கர நாற்காலியில் அவைக்குள் கொண்டுவரப்பட்டார். பெயர் அழைக்கப்பட்டபோது வாயைத் திறக்க முயன்று முடியாமல், கையை உயர்த்தித் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் ஆதரவு வாக்குக்கும் ‘ஐ’ என்ற ஒரே ஓசைதான்; அதை அவர் அப்படித்தான் சொல்ல முடிந்தது. ஆதரவு 71, எதிர்ப்பு 29. ஆதரித்தவர்களில் 44 பேர் ஜனநாயகக் கட்சி, 27 பேர் குடியரசுக் கட்சி. அடுத்த மாதமே எங்கிள் இறந்துபோனார்.

இந்தக் கதையில் மனிதர்களின் பெருந்தன்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதைச் சாத்தியமாக்கியது கட்சிகளின் உள்ளமைப்பு. இன ஒதுக்கலைக் காப்பாற்றத் துடித்த பழமைவாதிகளும் தொழிற்சங்கத் தாராளவாதிகளும் ஜனநாயகக் கட்சி என்ற ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். நியூயார்க்கின் தாராளவாதி நெல்சன் ராக்கஃபெல்லரும் அரிசோனாவின் பழமைவாதி பாரி கோல்ட்வாட்டரும் குடியரசுக் கட்சியில் இருந்தார்கள். எந்த மசோதா வந்தாலும் எதிர்ப்பக்கத்தில் ஒத்த கருத்துள்ளவர் சிலராவது கிடைப்பார்கள். இந்தியாவில் இருப்பதுபோல் கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும் என்ற சட்டமும் அங்கே இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அந்தக் கலப்புக்கு ஒரு கறுப்பு விலையும் உண்டு. தென்மாநிலங்களில் கறுப்பின மக்களை வாக்குச்சாவடிப் பக்கம் வரவிடாமல் வைத்திருந்ததால்தான் அங்கே ஒரே கட்சி பல பத்தாண்டுகள் அசையாமல் இருந்தது. வாஷிங்டனில் இரு கட்சியினரும் இணக்கமாக இருந்ததில் ஒரு பங்கு, அந்த அநீதியைத் தொடாமல் விட்டுவைத்ததால் வந்தது. சட்டம் நிறைவேறிய பிறகு தெற்கின் பழமைவாதிகள் மெல்ல மெல்லக் குடியரசுக் கட்சிக்கும், வடகிழக்கின் தாராளவாதிகள் ஜனநாயகக் கட்சிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அந்த இடமாற்றம் முடியப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஆகவே பழைய மிதவாதத்துக்காக ஏங்குவோர் எதற்காக ஏங்குகிறோம் என்று ஒருமுறை யோசித்துக்கொள்வது நல்லது.

10 நவம்பர், திங்கள்

நேற்று பின்னிரவில் செனட்டில் முட்டுக்கட்டை உடைந்தது. வாக்கு 60க்கு 40; விவாதத்தை முடிக்க இன்று வேண்டியது 60. ஜனநாயகக் கட்சி அணியிலிருந்து எட்டுப் பேர் அந்தப் பக்கம் சேர்ந்தார்கள்: டர்பின், ஷஹீன், ஹாசன், கெய்ன், கோர்ட்டெஸ் மாஸ்டோ, ரோசன், எங்கள் பென்சில்வேனியாவின் ஃபெட்டர்மன், அவர்களோடு அணியில் இருக்கும் சுயேச்சை ஆங்கஸ் கிங். மானியம் பற்றி அவர்களுக்குக் கிடைத்தது, டிசம்பரில் ஒரு வாக்கெடுப்பு நடத்தப்படும் என்ற வாக்குறுதி மட்டுமே. காலையிலிருந்து அவர்கள் கட்சிக்காரர்களே அவர்களைத் திட்டித் தீர்க்கிறார்கள்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட அடுத்த ஆண்டு தேர்தலில் நிற்கவில்லை. டர்பினும் ஷஹீனும் ஓய்வு பெறுகிறார்கள். மற்ற ஆறு பேருக்கும் 2028இலோ 2030இலோதான் தேர்தல். இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. சமரசம் செய்பவருக்கான தண்டனை இன்று எதிர்க்கட்சியிடமிருந்து வருவதில்லை, சொந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் வருகிறது. அந்தத் தேர்தல் தொலைவில் இருப்பவர்தான் துணிகிறார்.

எரிக் கேன்டரின் கதையை இங்கே எழுதிவைக்க வேண்டும். பிரதிநிதிகள் அவை எனப்படும் கீழவையில் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவராக, அடுத்த அவைத்தலைவர் என்று பேசப்பட்டவராக இருந்தவர். 2014 ஜூன் 10ஆம் தேதி விர்ஜீனியாவின் 7ஆம் தொகுதியில், பெரிய பணபலம் எதுவும் இல்லாத டேவ் பிராட் என்ற பொருளியல் பேராசிரியரிடம் முதல்நிலைத் தேர்தலில் தோற்றார். குடியேறிகள் விஷயத்தில் கேன்டர் இளகிவிட்டார் என்பது பிராட்டின் முக்கியக் குற்றச்சாட்டு. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் தொகுதியில் அன்று வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 65,000 பேர். அந்தப் பதவி உருவான காலத்திலிருந்து முதல்நிலைத் தேர்தலில் தோற்ற முதல் பெரும்பான்மைத் தலைவர் அவர்தான். முந்தைய ஆண்டு செனட்டில் 68 வாக்குகளோடு நிறைவேறி, கீழவையில் கிடப்பில் இருந்த குடியேற்றச் சீர்திருத்த மசோதா அந்த ஒரே இரவில் செத்துப்போனது. அதே பிராட்டை 2018இல் தோற்கடித்தவர் சென்ற வாரம் ஆளுநராக வென்ற ஸ்பான்பெர்கர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை நிறையும்: பொதுத்தேர்தலில் நடுவில் நிற்பவருக்கு இன்னும் மதிப்பு உண்டு, ஆனால் அதுவரை போய்ச் சேர்ந்தால்தான்.

பென்சில்வேனியாவில் முதல்நிலைத் தேர்தல் பதிவுசெய்த கட்சிக்காரர்களுக்கு மட்டுமே. எந்தக் கட்சியிலும் பதிவுசெய்யாத என் போன்றவர்களுக்கு மே மாதத்தில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. நவம்பரில், பிறர் தேர்ந்தெடுத்து நிறுத்திய இருவரில் ஒருவருக்கு வாக்கைக் குத்திவிட்டு வரலாம்.

13 நவம்பர், வியாழன்

நேற்றிரவு கீழவையிலும் மசோதா 222க்கு 209 என்று நிறைவேறி, ஜனாதிபதி கையொப்பமும் ஆகிவிட்டது. மொத்தம் 43 நாள்.

நாங்கள் வாழும் பக்ஸ் கவுண்டியின் பிரதிநிதி பிரையன் ஃபிட்ஸ்பேட்ரிக், குடியரசுக் கட்சிக்காரர். சென்ற ஆண்டு கமலா ஹாரிஸ் முந்திய தொகுதியொன்றில் வென்ற குடியரசுக் கட்சியினர் நாடு முழுவதும் மூவர்தான். அவர்களில் இவர் ஒருவர். டிரம்ப் முந்திய தொகுதிகளில் வென்ற ஜனநாயகக் கட்சியினர் 13 பேர். ஆக 435 இடங்களில் 16 மட்டுமே இப்படிக் கலந்து வாக்களித்த தொகுதிகள். ரேகன் மீண்டும் வென்ற 1984இல் இந்த எண்ணிக்கை ஏறத்தாழ 190. ஜூலையில் டிரம்பின் பெரிய வரி மசோதா 218க்கு 214 என்று தப்பித்தபோது அதை எதிர்த்த இரண்டே குடியரசுக் கட்சியினரில் ஃபிட்ஸ்பேட்ரிக்கும் ஒருவர். அவருடைய தைரியத்தை மெச்சுகிறேன். ஆனால் அந்தத் தைரியத்துக்குத் தொகுதியின் வாக்காளர் கலவை கொடுத்த பலத்தையும் மறக்க மாட்டேன்.

மசோதா இறுதி வாக்கெடுப்புக்கே வராமல் போவதும் ஒரு வகை. 2024 பிப்ரவரியில் ஓக்லஹோமாவின் ஜேம்ஸ் லாங்க்ஃபோர்ட், பழமைவாதத்தில் யாருக்கும் குறையாதவர், மாதக்கணக்கில் பேசி எல்லைப் பாதுகாப்பு மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடன் பேசியவர்கள் கனெக்டிகட்டின் கிறிஸ் மர்ஃபியும் அரிசோனாவின் கிர்ஸ்டன் சினமாவும். குடியரசுக் கட்சி ஆண்டாண்டாகக் கேட்டுவந்த பலவும் அதில் இருந்தன. எல்லைக் காவலர்களின் தொழிற்சங்கமே ஆதரித்தது. தேர்தல் ஆண்டில் எல்லைச் சிக்கல் தீர்ந்துவிடக் கூடாது என்று நினைத்த டிரம்ப் வேண்டாம் என்றார். அவைத்தலைவர் மைக் ஜான்சன் தன் அவைக்கு வந்தவுடனே அது பிணம் என்று அறிவித்தார். பெயர்பெற்ற ஒரு வர்ணனையாளர், இந்த மசோதாவை நகர்த்தினால் உன்னை அழிக்க என்னால் முடிந்ததையெல்லாம் செய்வேன் என்று தன்னிடம் நேராகச் சொன்னதை லாங்க்ஃபோர்டே செனட்டில் எழுந்து சொன்னார். அதை விவாதத்துக்கு எடுக்க ஆதரித்த குடியரசுக் கட்சியினர் அவரையும் சேர்த்து நான்கே பேர். மே மாதம் அதே மசோதாவை ஜனநாயகக் கட்சி மறுபடி முன்வைத்தபோது லாங்க்ஃபோர்டே எதிர்த்து வாக்களித்தார். அதை நாடகம் என்றார். நாடகம்தான். ஆனால் முதல் காட்சியை நிறுத்தியவர்கள் யார்?

16 நவம்பர், ஞாயிறு

‘இரு கட்சிகளும் மிதவாதத்திலிருந்து விலகிவிட்டன’ என்ற வாக்கியம் நடுநிலையானதாகத் தோன்றினாலும் முழு உண்மை அன்று. அரசியல் அறிவியலாளர்கள் கீத் பூலும் ஹோவர்ட் ரோசன்தாலும் வகுத்த முறைப்படி, உறுப்பினர்கள் அளித்த வாக்குகளை வைத்து அவர்களை இடமிருந்து வலமாக மதிப்பிடுகிறார்கள்; பூஜ்யம்தான் நடு. 1971–72 அவையோடு ஒப்பிட்டு பியூ ஆய்வு மையம் 2022இல் வெளியிட்ட கணக்கில், கீழவை ஜனநாயகக் கட்சியினரின் சராசரி இடப்பக்கம் 0.31இலிருந்து 0.38க்கு நகர்ந்திருக்கிறது; குடியரசுக் கட்சியினரின் சராசரி வலப்பக்கம் 0.25இலிருந்து ஏறத்தாழ 0.51க்குப் போயிருக்கிறது. இந்த முறையில் குறைகள் உண்டு. தடுத்து நிறுத்தப்பட்ட மசோதாக்களை இது பார்ப்பதில்லை, சமூகத்தின் நடுப்புள்ளியே இடம்மாறுவதையும் இது பிடிப்பதில்லை. ஆனாலும் ஒரு பக்கம் மற்றதைவிட அதிகத் தூரம் நடந்திருக்கிறது என்பதை மறைத்து எழுதுவது நியாயமாகாது.

அதற்கென்று ஜனநாயகக் கட்சியைத் தூய்மையாக்கவும் முடியாது. 2021இல் 19 குடியரசுக் கட்சிச் செனட்டர்களோடு 69 வாக்குகளில் நிறைவேறிய உள்கட்டமைப்பு மசோதாவை, தாங்கள் கேட்ட சமூகநல மசோதா வராவிட்டால் விடமாட்டோம் என்று கீழவையில் வாரக்கணக்கில் பிடித்துவைத்தவர்கள் அக்கட்சியின் முற்போக்கு அணியினர்; அணியின் தலைவர் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால். பைடன் ஆட்சியின் பெரிய செலவுச் சட்டங்களில் இரண்டு எதிர்க்கட்சியின் ஒரு வாக்குகூட இல்லாமல் வந்தன. துணை ஜனாதிபதியாக இருந்த நான்கு ஆண்டில் கமலா ஹாரிஸ் செனட்டில் 33 முறை சமநிலையை உடைக்கும் வாக்கை அளித்தார், வேறெந்தத் துணை ஜனாதிபதியைவிடவும் அதிகமாக. தமிழ்நாட்டில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். அவை சரிபாதியாகப் பிளந்து கிடந்ததன் அளவும் அதுவேதான்.

வேடிக்கை என்னவென்றால், 1950இல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் குழு ஒன்று நேர் எதிரான குறையைச் சொன்னது: இரு கட்சிக்கும் தெளிவான வேறுபாடு இல்லை, வாக்காளர் எதைத் தேர்ந்தெடுப்பது, கட்சிகள் கட்டுப்பாட்டோடும் தனித்த கொள்கையோடும் இயங்க வேண்டும் என்று. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு கட்சி ஆட்சியை முழுதாகப் பிடித்துத் தன் கொள்கையை நிறைவேற்றும் பிரிட்டிஷ் பாணிக் கட்சிகளை, ஜனாதிபதிக்கும் இரு அவைகளுக்கும் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்த ஓர் அரசமைப்பில் பொருத்தியிருக்கிறார்கள். செனட்டில் 60 வாக்கு இல்லாமல் பெரும்பாலான சட்டங்கள் நகராது. 60 வாக்குக்கு மற்றவர் உதவி வேண்டும். உதவுபவருக்குக் கட்சிக்குள் தண்டனை.

டிசம்பர் வாக்கெடுப்பு எப்படி முடியும் என்று சிலர் இப்போதே கணக்குப் போடுகிறார்கள். செனட்டில் அது 60 வாக்கைப் பெறுவதே கடினம். பெற்றாலும் கீழவைக்குக் கொண்டுவருவேன் என்று அவைத்தலைவர் மைக் ஜான்சன் எந்த உறுதியும் தரவில்லை. ஆண்டு முடிவதற்குள் மானியம் நீட்டிக்கப்படாவிட்டால் ஜனவரியில் காப்பீட்டுத் தவணை ஏறும். ஓக்லஹோமாவில் இருப்பவருக்கும் ஏறும், கலிபோர்னியாவில் இருப்பவருக்கும் ஏறும்.