குடும்ப நல நீதிமன்ற நாட்குறிப்பு: விவாகரத்து மனுவின் வழி

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

சென்னை பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கும் குடும்ப நல நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை மாசத்துல முடியும்?" என்றுதான். அதற்கு முன் இரண்டு தேதிகள் தெரிய வேண்டும். திருமணம் எப்போது? கடைசியாகச் சேர்ந்து இருந்தது எப்போது?

1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி, திருமணமாகி ஓராண்டு ஆகாமல் விவாகரத்து மனு போட முடியாது. தாங்க முடியாத கொடுமை போன்ற அசாதாரண நிலை இருந்தால் மட்டும் நீதிமன்றத்தின் தனி அனுமதி கேட்கலாம். விட்டுப் போய்விட்டார் என்று காரணம் காட்டினால், மனு போடும் நாளுக்கு முன் தொடர்ந்து 2 ஆண்டு கழிந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு மாதம் சமாதானமாகி மறுபடி சேர்ந்து வாழ்ந்திருந்தால் கணக்கு அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். இதை வக்கீலிடம் மறைத்தால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வெளியே கொண்டுவரும். கொடுமை என்ற காரணத்துக்கு இப்படிக் கால அளவு கிடையாது.

எந்தச் சட்டப்படி நடந்த திருமணம் என்பதையும் இன்றே பார்த்துவிடுங்கள். "ரெஜிஸ்டர் மேரேஜ்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களின் சான்றிதழைப் பிரித்துப் பார்த்தால், பாதிப் பேருக்காவது அது கோயிலில் நடந்த கல்யாணத்தின் பதிவாக இருக்கும். அதற்கு இந்து திருமணச் சட்டம். 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி நடந்திருந்தால் மனுவின் தலைப்பும் பிரிவுகளும் வேறு. சுயமரியாதைத் திருமணம் 7-ஏ பிரிவில் வருகிறது, அதற்கும் இந்து திருமணச் சட்டமே. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். திருச்சபை கொடுக்கும் ரத்து சிவில் சட்டத்தில் விவாகரத்து ஆகாது. குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) கேட்கும் இஸ்லாமியப் பெண்கள் குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும், தனியார் ஷரியத் கவுன்சில் தரும் சான்று செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பத்திரத் தாளில் "இனி நமக்குள் எந்த உறவும் இல்லை" என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, நோட்டரி முத்திரையும் வாங்கி, பத்திரமாக லேமினேட் செய்து சிலர் வைத்திருக்கிறார்கள். அது விவாகரத்து இல்லை. சில சமூகங்களில் வழக்கமாக இருக்கும் மணமுறிவை இந்து திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மைதான். ஆனால் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருந்தது என்பதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். இந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தவர்கள் இருதார வழக்கில் நிற்கிறார்கள். நிஜமாகவே மனம் கனக்கும் விஷயம் இது. இருபது ரூபாய்த் தாளை நம்பிய அந்த இரண்டாவது மனைவிக்கு மனைவி என்ற சட்ட நிலையே இல்லாமல் போகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

எங்கே போடுவது? திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் இப்போது குடியிருக்கும் இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், இந்த மூன்றில் ஒன்று சென்னை நீதிமன்ற எல்லைக்குள் வர வேண்டும். மனைவி மனு போட்டால், அவர் இப்போது குடியிருக்கும் இடமும் போதும். 2003 திருத்தம் கொடுத்த வசதி அது. கணவருக்கு இந்த நாலாவது வழி கிடையாது. தாம்பரத்தில் இருந்துகொண்டு "நாங்க சென்னைதான்" என்றால் எடுபடாது, அது செங்கல்பட்டு மாவட்டம்.

கணவர் சென்னையில் போட்டுவிட்டார், மனைவியோ கைக்குழந்தையோடு மதுரையில் தாய்வீட்டில் இருக்கிறார் என்றால், வழக்கை மாற்றக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். வேறு மாநிலத்துக்கு மாற்ற வேண்டுமானால் உச்ச நீதிமன்றம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று முழுக்க ரிட்டர்ன் பற்றி. மனுவைத் தாக்கல் செய்ததும் வழக்கு எண் கிடைத்து நம்பர் ஆகிவிடாது. அலுவலகத்தில் சரிபார்ப்பார்கள். குறை இருந்தால் என்ன குறை என்று எழுதி, சரிசெய்யக் கெடு போட்டுத் திருப்பித் தருவார்கள். மாதக்கணக்கில் நம்பர் ஆகாமல் கிடக்கும் மனுக்களில் பெரிய சட்டச் சிக்கல் எதுவும் இருப்பதில்லை.

முதல் குறை, பெயர். திருமணச் சான்றிதழில் "எஸ். கவிதா", ஆதாரில் கணவர் பெயர் இனிஷியலாகி "ஆர். கவிதா", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். மூன்றும் ஒரே ஆள் என்று நீதிமன்றம் தானாக முடிவு செய்யாது. மனுவின் தலைப்பிலேயே "என்கிற" போட்டு எல்லா வடிவத்தையும் எழுதிவிட வேண்டும். இங்கே விட்டால் தீர்ப்பிலும் அதே பெயர்தான் வரும். பிறகு பாஸ்போர்ட் அலுவலகத்தில் அலைய நேரும்.

இரண்டாவது, பிரிந்த தேதி. நாலாவது பத்தியில் மார்ச், ஒன்பதாவது பத்தியில் மே, வழக்குக்கான காரணம் எப்போது எழுந்தது என்று சொல்லும் பத்தியில் ஜூன். மூன்றாவது, இருக்க வேண்டிய உறுதிமொழிகள் விட்டுப்போவது: இருவரும் கூட்டுச் சேர்ந்து இந்த மனுவைப் போடவில்லை என்பதும், இதற்கு முன் வேறு வழக்கு இருந்தால் அதன் எண்ணும் நிலையும். குடும்ப வன்முறைச் சட்டப்படி போட்ட மனுவை இங்கே சொல்லாமல் விடுவது பெரிய தவறு.

திருமணப் பதிவு இல்லையே என்று பயப்பட வேண்டாம். அழைப்பிதழ், தாலி கட்டும் புகைப்படம், இருவர் பெயரும் உள்ள குடும்ப அட்டை, நேரில் பார்த்த சாட்சி இவற்றை வைத்துத் திருமணத்தை நிரூபிக்கலாம். இன்னொன்று: குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம், 1984-இன் 13-ஆம் பிரிவுப்படி வக்கீல் வைத்துக்கொள்வது உரிமை இல்லை, நீதிமன்ற அனுமதி வேண்டும். நடைமுறையில் அதற்கொரு சிறு மனு கூடவே போகும். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-ஐ அழைக்கலாம்.

ஆகஸ்ட் 13, புதன்

நம்பர் ஆகி ஓ.பி. எண் (அசல் மனு எண்) கிடைத்தது. அடுத்து பேட்டா (நோட்டீஸ் அனுப்பும் கட்டணம்) கட்டி எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ். வழக்கு அதிகம் தேங்குவது இந்த இடத்தில்தான்.

திரும்பி வந்த தபால் உறையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே தபால்காரர் எழுதிய ஒரு வரி இருக்கும். "வாங்க மறுத்தார்" என்றால் நோட்டீஸ் சார்வு ஆனதாகவே, அதாவது அவரிடம் சேர்ந்ததாகவே, எடுத்துக்கொள்ளப்படும். "கதவு பூட்டியுள்ளது" என்றால் மறுபடி அனுப்ப வேண்டும். "முகவரியை விட்டுப் போய்விட்டார்" என்றால் புது முகவரி தேடித் தர வேண்டியது உங்கள் பொறுப்பு. எல்லா வழியும் தீர்ந்த பிறகுதான் கதவில் ஒட்டுவதும் பத்திரிகை விளம்பரமும். ஃபிளாட் எண், பிளாக், பின்கோடு, வேலை செய்யும் இடம் எல்லாம் முதல் நாளே எழுதியிருந்தால் இரண்டு மூன்று வாய்தா மிச்சம். தெரிந்தே தப்பு முகவரி கொடுத்து எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (எதிர்த்தரப்பு வராமலே கிடைக்கும் தீர்ப்பு) வாங்கினால் அது நிற்காது. விஷயம் தெரிந்ததும் எதிர்த்தரப்பு ரத்து செய்ய மனு போடும், வழக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

எதிர்மனுதாரர் ஆஜரானதும் கவுன்சலிங். சேர்த்து வைக்க முயல வேண்டியது நீதிமன்றத்தின் சட்டக் கடமை. இருவரும் நேரில் வர வேண்டும், வக்கீல் போனால் போதாது. அடுத்து சமரச மையத்துக்கு அனுப்பலாம். அங்கே பேசியதைப் பிறகு சாட்சியமாக இழுக்க முடியாது, அதனால் தொகையை மனம் விட்டுப் பேசலாம்.

ஜீவனாம்சத்துக்குக் கடைசி வரை காத்திருக்காதீர்கள். வழக்கு நடக்கும்போதே இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். வருமானம் இல்லாத கணவரும் கேட்க முடியும். நோட்டீஸ் சார்வான 60 நாளுக்குள் முடிவு செய்ய முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பில் நீள்கிறது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் காட்டும் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். எதிர்த்தரப்புக்கு அதிகபட்சம் 4 வாரம். தொகை, மனு போட்ட நாளிலிருந்து கணக்காகும். ஆகவே மனு ஒரு மாதம் தள்ளினால் ஒரு மாதத் தொகை போச்சு. சம்பளச் சீட்டு கிடைக்காவிட்டாலும், கணவர் வேலை செய்யும் நிறுவனம், பதவி, வண்டி எண், வீட்டுக்கடன் தவணை எனத் தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து, இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு. ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். பிரிவு என்பது கணவன் மனைவியாக வாழாமல் இருப்பது. வாடகை கட்டுப்படியாகாமல் ஒரே வீட்டில் வேறு வேறு அறையில் இருந்தாலும் அது பிரிவாகலாம். மனு போட்டு 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் இந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருக்க வேண்டும், சமரசம் தோற்றிருக்க வேண்டும், பணமும் குழந்தையும் தீர்ந்திருக்க வேண்டும். கிறிஸ்தவர்களுக்குச் சட்டப் புத்தகத்தில் உள்ள பிரிவுக் காலம் 2 ஆண்டு.

கடைசி நாள் வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் முழுத் தொகையையும் முதல் நாளே கொடுக்காதீர்கள், ஒரு பைசாகூட வாங்காமல் இறுதிக் கையெழுத்தும் போடாதீர்கள். ஒரு பகுதி மனுவின்போது, மீதி இறுதி நாளில் டிமாண்ட் டிராஃப்டாக, எண்ணோடு பதிவு செய்து. நகையை "பாதி நகை" என்று எழுதாமல் ஆரம் இத்தனை சவரன், வளையல் இத்தனை ஜோடி என்று எழுதுங்கள். குழந்தையின் ஜீவனாம்ச உரிமையை அம்மா விட்டுக்கொடுத்து எழுதினாலும் குழந்தையை அது கட்டுப்படுத்தாது. வரதட்சணைக் கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தால், "வாபஸ் வாங்குகிறேன்" என்ற வரி போதாது. உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்ய வேண்டும். அதற்கு வந்து சம்மதம் சொல்வதாகவும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எதிர்த்து நடக்கும் வழக்கில் முதல் விசாரணை பிரமாணப் பத்திரமாகப் போகும், பிறகு குறுக்கு விசாரணை. வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அச்சடித்தால் மட்டும் போதாது. 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்று, ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு), இரண்டு பாகமும் நிரப்பி வர வேண்டும். அந்த போனை விற்றுவிடாதீர்கள். கணவன் மனைவி பேச்சின் ரகசியப் பதிவையும் விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சென்ற மாதம் 14-ஆம் தேதி தீர்ப்பளித்திருக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போடுங்கள். சான்றொப்பமிட்ட நகல் மூன்று நாலு செட் வாங்கி, பெயரின் எழுத்து, திருமணத் தேதி, ஓ.பி. எண் எல்லாம் வரிவரியாகப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்த மனு உடனே. மேல்முறையீட்டுக்குக் குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது. எதிர்த்து நடந்த வழக்கானால் 90 நாள் முழுவதும் தாண்டி, மேல்முறையீடு ஏதும் இல்லை என்று இணையத்தில் வழக்கு நிலையைப் பார்த்த பிறகே மறுமணத்துக்கு நாள் குறியுங்கள்.