எம்.பி.ஏ. படிக்க சென்னைக்கு: சீட்டு எங்கே நழுவுகிறது

பாளையங்கோட்டையில் பி.காம்., பி.பி.ஏ. முடிக்கிற பிள்ளைகள் "அண்ணா யுனிவர்சிட்டியில எம்.பி.ஏ. சேரணும்" என்பார்கள். எந்த அண்ணா யுனிவர்சிட்டி என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்குள் மூன்று வகை இருக்கிறது. கிண்டி வளாகத்தில் பல்கலைக்கழகமே நடத்தும் மேலாண்மைத் துறை ஒன்று. திருநெல்வேலி, மதுரை, கோவை மண்டல வளாகங்கள் இரண்டாவது. இணைப்பு பெற்ற தனியார் கல்லூரிகள் மூன்றாவது. பட்டத்தில் அச்சாகும் பல்கலைக்கழகப் பெயர் ஒன்றுதான். ஆனால் பாடம் நடத்துபவர்களும், பக்கத்து பெஞ்சில் உட்காருபவர்களும், வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்களும் வேறு வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதே குழப்பம் உண்டு. அங்கே நேரடி வகுப்பு நடக்கும் மேலாண்மைத் துறை வேறு, தொலைநிலைக் கல்வி நிறுவனம் வேறு. விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்து டிக் அடிக்காமல், எந்த வளாகம், முழுநேரமா என்பதைப் பார்த்து அடியுங்கள்.

உள்ளே போக முக்கியமான வாசல் இரண்டு நுழைவுத் தேர்வுகள்: தமிழகக் கல்லூரிகளுக்கான டான்செட் (TANCET), ஐ.ஐ.எம். போன்ற நிறுவனங்களுக்கான கேட் (CAT).

டான்செட்டை நடத்துவது அண்ணா பல்கலைக்கழகம். இரண்டு மணி நேரம், 100 கேள்வி. தவறான விடைக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் கழியும், அதாவது மூன்று தப்பு ஒரு சரியைத் தின்றுவிடும். 2025-இல் மார்ச் 22-ஆம் தேதி நடந்தது. இந்த மதிப்பெண்ணை வைத்து நடக்கும் மாநிலக் கலந்தாய்வைக் கவனிப்பது கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. தேர்வுக்கு ஒரு விண்ணப்பம், கலந்தாய்வுக்கு இன்னொரு விண்ணப்பம். தேர்வை நன்றாக எழுதிவிட்டு, இரண்டாவதைப் போடாமல் வீட்டில் காத்திருந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

கேட் நவம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியில் நேரம் மிச்சமானாலும் அடுத்ததற்குக் கொண்டுபோக முடியாது. சரிக்கு 3, தப்புக்கு 1 கழியும். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் நீண்ட ஓட்டத்தில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரே ஒரு விடையை உறுதியாகத் தள்ள முடிந்தால்கூட ஊகிப்பது லாபம். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குக் கழிவே கிடையாது, அவற்றை வெறுமையாக விடவே கூடாது. ஐ.ஐ.எம். திருச்சிக்கு கேட் விண்ணப்பத்திலேயே விருப்பம் தெரிவிக்கலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸ் மேலாண்மைத் துறைக்கு அப்படியல்ல. கேட் மதிப்பெண்ணோடு தனி விண்ணப்பமும் போட வேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் இடறுவது படிப்பில் இல்லை, சான்றிதழில். மாநிலக் கலந்தாய்வுக்கு நம் சாதிச் சான்றிதழ் போதும். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. என்று மொத்தம் 69 சதவீத ஒதுக்கீடு. ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். மத்திய நிறுவனங்கள். அங்கே பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் செல்லாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்கள் என்று ஒதுக்கீட்டிலிருந்து விலக்கப்படும் பிரிவு) வரவில்லை என்று வட்டாட்சியர் தரும் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், அங்கே அதற்கு 27 சதவீத இடம். மாநிலப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை, அதையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

கிரீமி லேயருக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். இங்கேதான் அம்பாசமுத்திரத்து நெல் விவசாயியும் களக்காட்டு வாழை விவசாயியும் தேவையில்லாமல் பின்வாங்கிவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் விவசாய வருமானம் சேராது, சம்பளமும் சேராது. கடை, வாடகை, வட்டி போன்ற மற்ற வருமானம்தான் பார்க்கப்படும். பெற்றோர் அரசு வேலையில் இருந்தால் சம்பளத் தொகைக்குப் பதில் பதவியின் நிலை பார்க்கப்படும். இந்தக் கழிவு இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே சில சமயம் தெரிவதில்லை. மொத்த வருமானத்தையும் ஒரே கட்டத்தில் அடித்துவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு வரும். பிரித்துப் போடச் சொல்லுங்கள். சேரும் ஆண்டின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய சான்றிதழைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். கேட் விண்ணப்பத்துக்கு வாங்கியதைப் புதுப்பிக்க மறந்தால், தேர்வாகியும் பொதுப் பிரிவில் போய் நிற்க வேண்டிவரும்.

இன்னொன்று இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் என்று மூன்று விதமாக இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துங்கள். இதை ஜூலையிலேயே ஆரம்பிக்க வேண்டும். கேட் விண்ணப்பம் ஆகஸ்ட்டில் திறந்துவிடும்.

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் போடும்போது, "நமக்கு எது கிடைக்கும்" என்று யோசித்து அதை முதலில் போடுவது பெரிய தவறு. கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து கீழே படிக்கிறது, காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தருகிறது. கிண்டியை முதலில் போட்டதால் நான்காவதாகப் போட்ட கல்லூரி உங்கள் கைவிட்டுப் போகாது. கிண்டியை நான்காவதாகப் போட்டு, முதலில் போட்ட கல்லூரி கிடைத்துவிட்டால், கிண்டி போயே போய்விட்டது.

நேர்காணலுக்கு வருவோம். ஐ.ஐ.எம்., ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் இதுதான் கடைசிச் சல்லடை. ஆங்கிலம் தடுக்கும் என்று பயப்படுகிறார்கள். தடுமாறும் ஆங்கிலத்தை மன்னிப்பார்கள், விவரமில்லாத பேச்சை மன்னிக்க மாட்டார்கள். உங்கள் ஊரைப் பற்றிக் கேட்பது ஏறக்குறைய நிச்சயம். அல்வா என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் சூரிய மின்தகடு ஆலை ஏன் வந்தது, கூடங்குளத்தில் இப்போது ஓடும் இரண்டு உலைகளும் தலா 1000 மெகாவாட், டி.வி.எஸ். குழுமத்தைத் தொடங்கிய சுந்தரம் அய்யங்கார் பிறந்தது திருக்குறுங்குடி: இவையெல்லாம் விரல் நுனியில் இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய பாடப்புத்தகம் அண்ணாச்சி கடை. சென்னைத் தெருக்களில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்களில் நம் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர். அவ்வளவு குறைந்த லாபத்தில் கடை எப்படி ஓடுகிறது என்று கேட்டால், "கடின உழைப்பு" என்பது விடை ஆகாது. கணக்காகச் சொல்லுங்கள். ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கு, அதில் 8 சதவீதம் லாபம் என்று வையுங்கள். மாதம் ஒரு முறை சரக்கு புரண்டால் 8,000 ரூபாய். பதினைந்து நாளில் புரண்டால் அதே முதலீட்டில் 16,000. ஆகவே அண்ணாச்சிக்கு விலையை ஏற்றுவதைவிடச் சரக்கைச் சீக்கிரம் புரட்டுவது முக்கியம். பற்று நோட்டில் கடன் தருவது வாடிக்கையாளரைக் கட்டிப்போடுகிறது, ஆனால் புரள வேண்டிய முதலீட்டை முடக்குகிறது. மொத்த வியாபாரி ஏழு நாள் தவணை தந்து, வாடிக்கையாளர் முப்பது நாள் கழித்துப் பணம் கொடுத்தால், நடுவில் இருக்கும் 23 நாளை யாருடைய பணத்தில் ஓட்டுவது? இந்தக் கேள்வியை நீங்களே எழுப்பி விடை சொன்னால், நடைமுறை மூலதனம் என்ற அத்தியாயத்தையே சொல்லிவிட்டதாக அர்த்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெரிந்த அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பயிற்சி மையமும் இதைத் தராது.

வேலைவாய்ப்பு அறிக்கையில் சராசரிச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள். ஒன்பது பேருக்கு 5 லட்சம், ஒருவருக்கு 30 லட்சம் என்றால் சராசரி 7.5 லட்சம். நடுவில் நிற்பவர் வாங்குவது 5 லட்சம்தான். அந்த நடு எண்ணைக் கேளுங்கள். மொத்தம் எத்தனை பேரில் எத்தனை பேருக்கு வேலை என்றும் கேளுங்கள்.

கல்விக் கடன் 7.5 லட்சம் வரை மத்திய அரசின் உத்தரவாதத் திட்டத்தில் சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்கும். அப்பாவோ அம்மாவோ இணை விண்ணப்பதாரர். அவர்கள் பெயரில் பழைய கடன் நிலுவை நின்றால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். தவணையைக் கணக்கிடும்போது படிப்புக் காலத்து வட்டியை மறந்துவிடுகிறார்கள். 5 லட்சம், 10 சதவீத வட்டி, ஏழு ஆண்டு என்றால் மாதம் சுமார் 8,300 ரூபாய் என்று தெரியும். ஆனால் படிப்பு இரண்டு ஆண்டு, அதன்பின் ஓர் ஆண்டு, ஆக மூன்று ஆண்டு வட்டி, முழுத் தொகையும் முதல் நாளே எடுத்திருந்தால் ஒன்றரை லட்சம் சேரும். அப்போது தவணை சுமார் 10,800. பணத்தைப் பருவத்துக்குப் பருவம் எடுப்பதும், முடிந்தால் படிக்கும்போதே வட்டியைக் கட்டிவருவதும் இதைக் குறைக்கும்.

நேர்காணல் தேதி வந்ததும் முதலில் ரயில் டிக்கெட். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. வந்தே பாரத் காலையில் கிளம்பிப் பிற்பகலில்தான் சென்னை சேரும், காலை நேர்காணலுக்கு உதவாது. முந்தின நாள் இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். கிண்டி அல்லது ஐ.ஐ.டி. போகிறவர்கள் எழும்பூர் வரை போக வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் கிண்டி போய், அங்கிருந்து பேருந்தோ ஆட்டோவோ பிடிக்கலாம். அசல் சான்றிதழ்கள் இருக்கும் பை தலைமாட்டில் இருக்கட்டும், நகல்கள் இரண்டு செட் வேறு பையில்.